புல் நோகாமல் எறிவது

மனிதகுல வரலாற்றில் திருப்புமுனை என்று சொல்லத்தக்க நிகழ்வுகள் மூன்று. ஒன்று, நெருப்பு. இரண்டு, சக்கரம். மூன்று, மாவட்ட விளையாட்டு வளாகத்தின் மைதானத்தில் புல் பிடித்தது. முதல் இரண்டும் நடந்தபோது மேடை போடவும் மைக் கட்டவும் பொறுப்பான ஆள் யாரும் இல்லாததால், அவை ஏதோ தன்பாட்டுக்கு நடந்து முடிந்துவிட்டன. மூன்றாவதற்கு அந்தக் கதி வரவில்லை. அதற்கு ஒரு மேனேஜர் இருந்தார்.

புல் லாரியில் வந்தது. பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்து இறக்கி, விரித்து, ஓரம் வெட்டி, தண்ணீர் காட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க வளாகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து வளர்த்த புல். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நாலடி நடந்து பார்த்தார். "மெத்தை மாதிரி இருக்குய்யா" என்றார். அவர் சும்மா சொன்னார். நாள் முழுக்க நின்ற காலுக்கு இதமாக இருந்திருக்கும். மேனேஜர் அதைச் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நிமிஷத்தோடு அந்த இடம் மைதானம் என்ற வேலையிலிருந்து ஓய்வு பெற்று மெத்தை ஆகிவிட்டது. மெத்தையில் யாராவது பந்து உதைப்பார்களா? ஈட்டி குத்துவார்களா?

ஃபுட்பால்காரர்கள் முதலில் போனார்கள். கொஞ்ச நாள் கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் இல்லை. ஓட்டக்காரர்களுக்குச் சுற்றுச்சாலை காட்டப்பட்டது. அதில் ஓடியவர்களில் ஒருவனை ஒரு வேன் லேசாகத் தட்டியதும் மற்றவர்களுக்குத் தாங்களாகவே புத்தி வந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஜிம்மில் இருந்த இயந்திரங்களுக்குப் போட்டு வந்த பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை, புதுசு போய்விடும் என்று. உள் அரங்கத்தில் வருஷத்தில் பாதி நாள் சோபா விற்பனைக் கண்காட்சி. கேட்டின் தலையில் மட்டும், இரவில் எரியும் எழுத்துகளில், 'வீரர்கள் இங்கே விளைகிறார்கள்' என்று போட்டிருந்தது.

விளைந்து மிஞ்சியவள் ஒருத்தி. அவளை எல்லோரும் பம்பரம் என்று கூப்பிட்டார்கள்.

வீட்டில் வைத்த பேர் வேறு. அதை அவள் அக்கா கோபம் வந்தால்தான் சொல்வாள். பம்பரம் எறிவது சங்கிலிக் குண்டு. நாலு கிலோ இரும்புக் குண்டு, அதிலிருந்து நீளமாக ஒரு கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. வலைக்கூண்டு கட்டிய சிமெண்டு வட்டத்துக்குள் நின்று, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் வீசி, பிறகு தானும் அதனோடு சேர்ந்து சுழன்று, வேகம் உச்சத்துக்குப் போகிறபோது விட்டுவிட வேண்டும். எங்கே போய் விழுகிறதோ அங்கே வரைக்கும்தான் ஆளுக்கு மதிப்பு. வளாகத்தில் எல்லோரும் அதை ஹேமர் என்றார்கள்.

மைதானம் வெறும் மண்ணாக இருந்த காலத்தில் அவள் எறிந்தால் குண்டு விழுந்த இடத்தில் புழுதி ஆள் உயரத்துக்கு எழும். மாவட்டத்தில் அவளைத் தாண்டி எறிய ஆள் இல்லை. அது மண் காலம்.

புல் பிடித்த பிறகு அவள் எறிந்த முதல் எறிதல்தான் கடைசி எறிதலும். குண்டு பறந்துபோய்ப் பச்சையின் நட்டநடுவில் 'தொப்' என்று இறங்கியது. மேனேஜர் அறையிலிருந்து கையில் டீ கிளாசோடு ஓடி வந்தார். பள்ளத்தின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"யாரு பண்ணது இதை?"

மைதானத்தில் இருந்தது ஒரே ஆள். அவள் கையில் உறை வேறு மாட்டியிருந்தாள்.

"நான்தான் சார். எறிஞ்சேன்."

"எதுக்கு எறிஞ்ச?"

இதுவரை யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஹேமர் சார். எறியறதுதான்…"

"அது எனக்குத் தெரியாதா? எறிஞ்சா கீழ விழும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியும் என்று சொன்னால் திமிர். தெரியாது என்று சொன்னால் பொய். அவள் கையுறையைக் கழற்றினாள். பள்ளத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு நாடா கட்டினார்கள், கொலை நடந்த இடத்தில் கட்டுவது மாதிரி. பள்ளம் மூடுகிறவரை தினம் காலையில் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது அவள் பொறுப்பு என்று ஆயிற்று. ஊற்றினாள். மூடிக்கொண்டது. அவள் கோச்சுக்கு ஒரு எச்சரிக்கை வந்தது.

கோச் அடிப்படையில் வாலிபால்காரர். வாலிபாலுக்கு வேறொருவர் பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்து உட்கார்ந்துவிட்டதால், இவரை எறிதலுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டும் கையால் செய்கிற வேலைதானே என்று காரணம் சொல்லப்பட்டது. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க மேனேஜர் மனசு வைக்க வேண்டும். ஆகவே கோச் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், உலகத்தில் எந்த எறிதல் நிபுணருக்கும் எட்டாத ஒன்று அவருக்கு எட்டியது.

"இங்க பாரும்மா. எறியறதுல மொத்தம் என்ன இருக்கு? சுத்தறது ஒண்ணு, விடறது ஒண்ணு. விடறதுல கத்துக்க என்ன இருக்கு சொல்லு? கையைத் திறந்தா போயிடும். கைக்குழந்தை கூடப் பண்ணும். கஷ்டம் பூரா சுத்தறதுலதான். அதை மட்டும் பண்ணுவோம்."

"விட வேண்டாமா சார்?"

"விடாம எறி."

அவள் விடாமல் எறிய ஆரம்பித்தாள். சுழல வேண்டும். வேகம் எடுக்க வேண்டும். உச்சத்துக்கு வந்ததும், விட வேண்டிய இடத்தில் விடாமல், அந்த இழுப்பையெல்லாம் தோளிலும் இடுப்பிலும் வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, கடைசியில் குண்டைத் தரையில் வைத்துவிட வேண்டும். வட்டத்துக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்ததால் சத்தம் வராமல் வைக்க வேண்டும் என்று ஒரு கூடுதல் நிபந்தனையும் சேர்ந்தது. ஆரம்பத்தில் குண்டு அவளை இழுத்துக்கொண்டு போய் வலையில் தள்ளியது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பிறகு பழகிற்று. பிறகு வலியும் பழகிற்று. அப்புறம் எதுவுமே தெரியவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். உலகத்திலேயே மிக அழகாக எறியாதவள் என்று ஒரு பட்டம் இருந்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். மேற்பார்வைக்கு வருகிற அதிகாரிகளை மேனேஜர் முதலில் புல்லிடமும் அடுத்து அவளிடமும் கூட்டி வருவார்.

"இதுதான் சார் எங்க ஹேமர்."

அவள் சுழல்வாள். கால் மாறும் வேகத்தைப் பார்த்து அவர்கள் வாயைப் பிளப்பார்கள். குண்டு பூனை மாதிரி தரையில் வந்து உட்காரும். கைதட்டுவார்கள்.

"பிரமாதம்! எவ்வளவு தூரம் போகும்?"

"தூரத்தை இப்ப நாங்க பாக்கறதில்ல சார்" என்பார் மேனேஜர். "டெக்னிக்."

பம்பரம் உறையைக் கழற்றிவிட்டு டயர்க் கடைக்குப் போய்விடுவாள். கடை அக்கா புருஷனுடையது. லாரி டயரைக் கழற்றுவது, ரிம்மிலிருந்து பிரிப்பது, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பது. மாமா வாய் மூடாத மனிதர். பஞ்சரோடு வருகிறவர்களிடமெல்லாம், "நாட்டுக்கு விளையாட வேண்டிய பொண்ணு, உங்க டயரைக் கழட்டுது பாருங்க, ரெண்டு ரூபா கூடப் போட்டுக் குடுங்க" என்பார். வீடு கடைக்கு மேலேயே. ஒரே அறை, ஒரு கூடம். அறையில் அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள். கூடத்தில் புது டயர்கள், பழைய டயர்கள், நடுவில் அவள். ரப்பர் வாசனை அவளுக்கு மூக்கில் ஏறுவதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்த வருஷம் தேசிய முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு அறிவிக்கப்பட்டது. தலைநகரில் தங்கிப் பயிற்சி, சாப்பாடு, மாதச் சம்பளம். வயது வரம்பு உண்டு. பம்பரத்துக்கு இந்த வருஷம்தான் கடைசி. வட்டத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் மஞ்சள் கொடி நடுவார்கள். கொடியைத் தாண்டி எறிந்தவர்களில் யார் அதிக தூரமோ அவருக்கு இடம். மண் காலத்தில் அவள் அந்தத் தொலைவைப் பலமுறை தாண்டியவள்.

"அங்க ஆளுக்கு ஒரு கட்டில் தருவாங்களாமே" என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே. "பக்கத்துல ஒரு சின்ன பீரோ கூட."

"ம்."

"என்னடி ம்? சந்தோஷமா இருக்கா இல்லையா?"

பம்பரம் யோசித்துப் பார்த்தாள். தனிக் கட்டில். காலை நீட்டினால் டயர் இடிக்காது. காலையில் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வேண்டும், பக்கத்து வீட்டில் ஓடும் டிவி மாதிரி எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கும்க்கா" என்றாள்.

இனிதான் விஷயம். தேர்வு நடத்த எந்த ஊர் என்று குழு தேடியபோது, மேனேஜர் அனுப்பியிருந்த புல்லின் படங்கள் அவர்கள் கண்ணில் பட்டன. இவ்வளவு அருமையான மைதானம் இருக்கும்போது வேறெங்கே போவது என்று வளாகத்தையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கடிதம் வந்த அன்று மேனேஜர் முதலில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அரை மணி நேரம் கழித்துத்தான், எறிதல் தேர்வு என்றால் எறிவார்கள் என்பது அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. தார்ப்பாய் விரித்து அதன்மேல் எறியலாமா என்று கேட்டு எழுதினார். கூடாது என்று பதில் வந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரம் கோச்சும் பம்பரமும் அவர் அறைக்குப் போனார்கள்.

"சார், ஒரே ஒரு தடவை விட்டுப் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

"எதை?"

"ஹேமரை."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அம்மாடி, எத்தனை பேர் வந்து எத்தனை குத்து குத்தப் போறாங்கன்னு நினைச்சா எனக்கு ராத்திரி சோறு இறங்கல. வெளியூர்க்காரன் குத்தினா விதி. வீட்டுப் பொண்ணு நீயே குத்தலாமா?"

"ரெண்டு வருஷமா விடல சார். அதான் ஒரு தடவை…"

"அன்னிக்கு விட்டுக்கோயேன். அதுக்குத்தானம்மா ட்ரயல்ஸ் வைக்கறாங்க?"

கோச் தொண்டையைச் செருமினார். "வெளிய எங்கயாவது பொட்டல்ல கொண்டுபோய்…"

"ஹேமர் வளாகத்துச் சொத்து. கேட்டைத் தாண்டக் கூடாது. உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது?"

கோச் வணக்கம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். வெளியே வந்ததும், "விடறதுல என்ன இருக்கு? கையைத் திறந்தா போயிடும்" என்றார், அவளைப் பார்க்காமல்.

மாமாவுக்கு இது தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "இதுக்கா ஊரைக் கூட்டறீங்க?" என்று பழைய இரும்பு ஒன்றைக் கம்பியில் முடிந்து, முனையில் ஒரு வளையம் மாட்டி, வளாகத்துச் சொத்தல்லாத ஒரு சங்கிலிக் குண்டைச் செய்தே விட்டார். கடைக்குப் பின்னால் குப்பை மேடு. மாமா பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து, தானும் ஒரு லாரி டயருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

"ம், விடு பம்பரம்! பாத்துக்கலாம்!"

அவள் சுழன்றாள். வேகம் வந்தது. வந்து, குறைந்தது. இரும்பு சத்தமில்லாமல் தரையில் வந்து உட்கார்ந்தது.

மாமா டயருக்கு மேலே தலையை நீட்டினார். "என்னாச்சு?"

"விட மறந்துட்டேன் மாமா."

"மறக்கற விஷயமா இது? இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். விட வேண்டும் என்று நினைக்கிறாள். நினைத்து முடிப்பதற்குள் அந்த இடம் தாண்டிப் போய்விடுகிறது. தோள் தன்பாட்டுக்கு இழுப்பை வாங்கிக்கொள்கிறது. வேலைக்குப் போகிற வழி கால்களுக்குத் தெரிகிற மாதிரி கைக்கு அது தெரிந்திருந்தது. மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சிக்கிக்கிட்ட நட்டு மாதிரி இருக்கு" என்றார். "சரி. கூட்டம், கைதட்டல்லாம் இருந்தா தானா வரும். மனுஷனுக்கு ஒரு வேகம் வேணும்."

தேர்வு நாளன்று கூட்டமும் இருந்தது, கைதட்டலும் இருந்தது. மேனேஜர் ஒரு வாளி மண்ணோடும் ஒரு கரண்டியோடும் மைதானத்தின் ஓரத்தில் நின்றார். பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வட்டத்துக்குள் போனார்கள், சுழன்றார்கள், விட்டார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு 'தொப்'புக்கும் மேனேஜர் கண்ணை இறுக மூடித் திறந்தார். ஒரு குண்டு பழைய பள்ளம் மூடியிருந்த இடத்திலேயே போய் விழுந்தபோது அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பம்பரம் அதையும் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை.

அவளுக்கு முன்னால் எறிந்தவள் ஒரு நெட்டைப் பெண். விரல்களில் பழந்துணி சுற்றியிருந்தாள். ஷூவின் ஓரம் கிழிந்து நூலால் தைத்திருந்தது. சுழற்சி பார்க்கச் சகிக்கவில்லை; கால் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். ஆனால் விடுகிறபோது ஒரு கத்து கத்தினாள். குண்டு மஞ்சள் கொடியைத் தாண்டிப் போய் விழுந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

பம்பரம் அவள் பக்கம் நகர்ந்தாள். "நீ எப்படி விடற?"

"என்னக்கா?"

"கையிலேர்ந்து. எப்ப விடணும்னு எப்படித் தெரியுது?"

நெட்டைப் பெண் சிரித்தாள், இது ஏதோ பெரிய ஆட்கள் பண்ணும் கேலி போலிருக்கிறது என்று. "நான் எங்கக்கா விடறேன்? அதுவே போயிடும். பிடிச்சு வைக்கறதுதான் கஷ்டம்."

"பிடிச்சு வைக்கறது கஷ்டமில்ல" என்றாள் பம்பரம்.

அவள் பேர் கூப்பிட்டார்கள். வளாகத்து ஆள் என்று தெரிந்ததும் நல்ல கைதட்டல். மூன்றில் முதல் வாய்ப்பு. சுழல ஆரம்பித்ததும் கூட்டம் அமைதியானது. இவ்வளவு சுத்தமான கால் மாற்றத்தை அந்தப் பெண்களில் யாரிடமும் பார்க்கவில்லை. நடுவராக வந்திருந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். வேகம் உச்சத்துக்கு வந்தது. குண்டு அவளைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றி வந்தது. பிறகு மெதுவாக, மிக மரியாதையாக, தரையில் வந்து உட்கார்ந்தது.

"கீழ வைக்கலாம்மா, தப்பில்ல" என்றாள் நடுவர், குழப்பத்தோடு. "நேரம் இருக்கு. திரும்ப எடுத்து ஆரம்பி."

திரும்ப எடுத்தாள். திரும்ப வைத்தாள். நேரம் முடிந்தது. செல்லாது என்று சிவப்புக் கொடி.

கோச் வலைக்கூண்டுக்கு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, விட்ரு, சும்மா கையைத் திற" என்றார்.

"விட்டா விழும் சார்."

"விழட்டும்மா! விழத்தானே வேணும்!"

இதை அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கம்பியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய் நின்றார்.

இரண்டாம் வாய்ப்புக்கு முன்னால் மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கைப்பிடியில் எதையோ தடவினார். பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ்.

"இப்ப எப்படி நிக்கும்னு பாக்கறேன்! சிக்கின நட்டுக்கெல்லாம் இதான் மருந்து!"

நடுவர் அம்மாள் பார்த்துவிட்டாள். "யாரு சார் நீங்க?"

"நான் இவ மாமா. டயர்க் கடை."

"வெளிய போங்க சார். கைப்பிடியைத் துடைங்க யாராவது."

துடைத்தார்கள். முழுசாகப் போகவில்லை, கொஞ்சம் வழுவழுப்பு மிஞ்சியிருந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. வழுக்குகிறது என்று தெரிந்ததும் விரல்கள் இன்னும் இறுக்கிக்கொண்டன. இரண்டாம் சிவப்புக் கொடி.

மூன்றாம் வாய்ப்பு. வட்டத்துக்குள் போகிறபோது அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பயந்தவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள். எதிரே மைதானம் முழுக்கப் பள்ளம். இன்னும் ஒரு பள்ளம் விழுந்தால் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. மஞ்சள் கொடி காற்றில் ஆடியது. கட்டில், பீரோ, கட்டில், பீரோ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கையை வீசினாள். சுழன்றாள். இதுவரை எந்த நாளும் வராத வேகம். வலைக்கூண்டு, மேடை, மாமாவின் திறந்த வாய், மேனேஜரின் வாளி, மறுபடி வலைக்கூண்டு, எல்லாம் ஒரே கோடாக ஓடின. கோச், மாமா, எங்கிருந்தோ அக்கா, யாரென்றே தெரியாத ஜனம், எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்: "விடு!"

ஒருவர் மட்டும் கத்தவில்லை. மேனேஜர் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

குண்டு தரைக்கு வந்தது. சத்தமே இல்லை. அவள் வட்டத்தின் பின்பாதி வழியாக, விதிப்படி, வெளியே வந்தாள். நடுவர் அம்மாள் வெள்ளை, சிவப்பு இரண்டு கொடிகளையும் கையில் வைத்துக்கொண்டு எதைத் தூக்குவது என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு தப்பும் நடக்கவில்லை. நேரம் முடிந்ததும் சிவப்பைத் தூக்கினாள்.

அக்கா பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டத்தான் வந்தாள், முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் பம்பரத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"அழறதுன்னா அழு."

"வரல."

மாமா ஸ்கூட்டரை எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பி வந்து, "ஏதோ பரிசளிப்பாம். உன்னைத் தட்டு பிடிக்கக் கூப்பிடறாங்க" என்றார். சொல்லிவிட்டு, "நாளைக்குக் கடைக்கு லேட்டா வந்தாப் போதும்" என்று சேர்த்துக்கொண்டார். அவர் ஒருவரிடம் மூன்றே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டதை அக்கா அன்றுதான் பார்த்தாள்.

பதக்கமும் கேடயமும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு பம்பரம் மேடையின் ஓரத்தில் நின்றாள். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். கைவிரல் நகங்களில் மண் இருந்தது. ஆனால் மைக் அவரைத் தேற்றிவிட்டது. மைக் தேற்றாத துக்கம் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

"ஒரு விதை முளைக்க நிலம் வேணும். ஒரு குஞ்சு பொரிய முட்டை வேணும். ஒரு வீரர் பொரிய… உருவாக, ஒரு வளாகம் வேணும்!" கைதட்டல். "இன்னிக்கு எங்க புல்லு நிறைய காயம் பட்டிருக்கு. பரவாயில்ல. ஒண்ணை மட்டும் பெருமையோட சொல்றேன். எங்க வளாகத்துப் பிள்ளையால ஒரு காயம் கூட இல்ல. ஒழுக்கம்! அந்த ஒழுக்கத்தை ஒரு தெருவோ பொட்டலோ சொல்லிக் குடுக்குமா? குடுக்காது. வளாகம் இல்லாம வீரர் இல்ல, வீரர் இல்லாம நாடு இல்ல!"

இன்னும் பெரிய கைதட்டல். பம்பரத்துக்குக் கை வலித்தது. கூட்டத்தில் சிலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

தேர்வானவள் நெட்டைப் பெண்தான். மேடைக்கு வந்து, விரலில் சுற்றிய துணியோடேயே கேடயத்தை வாங்கிக்கொண்டாள். பம்பரத்தைப் பார்த்து, "வரேன்க்கா" என்றாள் மெதுவாக. மேனேஜர் அவள் தோளில் கையைப் போட்டு மைக் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, உங்க ஊர் வளாகத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்மா. எப்படிப்பட்ட இடத்துலேர்ந்து நீ வந்திருக்கேன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். எங்களோடதை விடப் பெருசா, சின்னதா?"

அந்தப் பெண் மைக்கைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள்.

அவள் ஊரில் விளையாட்டு வளாகம் இல்லை.